இடக்கலையும் திணைமரபும்

நிலத்தை முதற்பொருள் என வைத்து இலக்கணம் வகுத்த மொழி தமிழ். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்துத் தெய்வமும் உணவும் மரமும் புள்ளும் பறையும் தொழிலும் கரு. அங்கு வாழும் மாந்தர் நெஞ்சில் நிகழ்வது உரி. இம்மூன்றையும் கரும்பலகையில் அட்டவணையாக எழுதிப் போட்டு மாணவரை மனனம் செய்யச் சொல்கிறோம். தேர்வு முடிந்ததும் அவர்கள் மறக்கின்றனர். நாமும் அடுத்த ஆண்டு வரை மறந்திருக்கிறோம். அவ்வட்டவணை வெறும் பட்டியலன்று, ஓர் அளவுகோல் என்பதும், இன்று நம்மைச் சுற்றி எழும் புதுவகைக் கலையை அளந்து பார்க்கவும் அது உதவும் என்பதும் என் கருத்து.

சென்ற ஐம்பது அறுபது ஆண்டுகளாகக் கலைஞர் பலர் சட்டமிட்ட ஓவியத்தையும் பீடமேறிய சிலையையும் விட்டு வெளியே வந்துள்ளனர். வெட்டுண்ட மண், கைவிடப்பட்ட வீடு, கூடத்து நாற்காலி, தெருச்சுவர் ஆகியவையே அவர்க்குப் பொருளாயின. இதனை இடக்கலை என்று ஈண்டுக் குறிப்போம். இக்கலையைப் பற்றி நம் ஆசிரியர் அறைகளில் இரண்டு பேச்சுகள் கேட்கின்றன. பள்ளத்தில் துணியைத் தொங்கவிடுவது கலையாகுமா என்பது ஒன்று. தேக்காச் சுவர்களில் நம்மவர் தொழில்களை வண்ண வண்ணமாகத் தீட்டியிருக்கிறார்களே, அதற்கு மேல் நமக்கு என்ன சிறப்பு வேண்டும் என்பது மற்றொன்று. முதற்பேச்சு கலையை அறியாதது. இரண்டாவது தன்னை அறியாதது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

ஜோகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூருக்குள் வருவோர்க்கு அருகில் உள்ள ஊர் கிராஞ்சி. ஆதலின் அங்கிருந்து புறப்பட்டு, தேக்கா வரை சென்று, மீண்டும் கிராஞ்சிக் குன்றுக்கே வருவோம். கிராஞ்சி என்பது மரத்தால் வந்த பெயர். புளிப்பும் இனிப்பும் கலந்த சிறு கனி தரும் காட்டுமரத்தை மலாய்க்காரர் கெராஞ்சி என்பர். குறிஞ்சியே கிராஞ்சி ஆயிற்று என்று முழங்கும் அன்பர் யாரேனும் மேடையேறுமுன் இதைச் சொல்லி வைப்பது நலம். ஒலி ஒப்புமை உறவாகாது. ஆயினும் மலைக்கும் காட்டிற்கும் வயலுக்கும் பூவின் பெயரையும் மரத்தின் பெயரையும் இட்ட தமிழரும், கழிமுகத்துக்கு மரத்தின் பெயரையிட்ட மலாய்க்காரரும் ஒரு வழியிற் சிந்தித்தனர் என்று மகிழத் தடையில்லை.

பெயர் நிலைத்தது, நிலம் நிலைக்கவில்லை. கழிமுகத்தை அடைத்து 1975 இல் நீர்த்தேக்கம் ஆக்கினர். 1999 இல் புக்கித் தீமாவிலிருந்து குதிரைப் பந்தயத் திடல் இங்கு வந்தது. 2024 அக்டோபர் 5 ஆம் நாள் அதன் இறுதிப் பந்தயமும் ஓடி முடிந்தது. அந்நிலம் இனி வீடுகளுக்கு. இரப்பரும் அன்னாசியும் நின்ற நாட்களைச் சொல்லவே வேண்டா. ஒரு மனிதனின் ஆயுளுக்குள் நிலம் மும்முறை நாற்முறை வேடம் மாறும் இத்தகைய நாட்டில் இடத்தைப் பொருளாகக் கொண்ட கலை தோன்றாதிருந்தால்தான் வியப்பு.

அக்கலையைத் தொடங்கி வைத்தவருள் டாங் டா வூ தலையாயவர். 1943 இல் சிங்கப்பூரிற் பிறந்து, இங்கிலாந்தில் பயின்று, 1979 இல் நாடு திரும்பியவர். அப்போது அங் மோ கியோவில் அடுக்குமாடி வீடுகள் எழுப்பக் காட்டையும் கம்பத்தையும் அகற்றி நிலத்தைத் திறந்து போட்டிருந்தனர். மேல்மண் போன செம்மண் மேட்டை மழை அறுத்துப் பள்ளம் பள்ளமாக்கியது. அப்பள்ளங்களில் ஏழு துணிகளைத் தொங்கவிட்டு வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவைத்தார் அவர். சேறும் நீரும் தாம் விரும்பியவாறு கறையிட்ட துணிகளே படைப்பாயின. பள்ளத்துத் திரைகள் என்பது அதன் பெயரின் பொருள். 1980 இல் தேசிய அரும்பொருளகக் கலைக்கூடத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது முகஞ்சுளித்தவர் இருந்திருப்பர்.

திணை கற்ற நமக்கு முகஞ்சுளிக்க வேலையில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று நாம் ஓதுகிறோம்; அவர் நிலத்தையும் பொழுதையுமே கையில் தூரிகை கொடுத்து எழுத வைத்தார். அதனினும் நுண்ணியது அவர் இட்ட பெயர். திரை என்பது வீட்டுக்கு உரியது. வீடு அகற்றப்பட்ட இடத்தில், வீடு வரப்போகும் இடத்தில், வீடே இல்லாத நாளில் திரை தொங்குகிறது. எவர் வீட்டுச் சாளரத்தின் திரை அது? அவர் எங்குச் சென்றார்? கேள்வியைக் கலைஞர் கேட்கவில்லை; துணி கேட்கிறது. கூறாது கூறும் இதனை உள்ளுறை என்று சொல்ல நம் இலக்கணம் இடந்தருமோ தராதோ, அதற்கு அயலதன்று.

1988 இல் இவரே செம்பவாங்கு உட்பகுதியில், லோரோங் கம்பாசில் இருந்த பழைய கோழிப் பண்ணையில் இளங்கலைஞர்களைக் கூட்டிக் கலைஞர் கிராமம் ஒன்றைத் தொடங்கினார். கிராஞ்சிக்கு அது தொலைவன்று. 1990 இல் அந்நிலமும் கையகப்படுத்தப்பட்டது. கிராமம் பெயரளவில் ஓர் அமைப்பாக நின்றதேயன்றி ஊராக நிற்கவில்லை. 2016 இல் தேசியக் கலைக்கூடம் அவருடைய 1979 ஆம் ஆண்டுப் படைப்புகளுக்கென ஒரு கண்காட்சி நடத்தியது. பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைந்த பெருமாளிகை அது. குளிரூட்டிய கூடத்தில் நேராகத் தொங்கும் துணியில் மழை தன் வேலையைத் தொடர முடியாது என்பது உண்மை. பேணுவதற்கு நாம் கொடுக்கும் விலை அது, கொடுக்கத்தான் வேண்டும்.

இனி நம் தோட்ட வாழ்வுக்கு இன்னும் நெருங்கி வரும் ஒருவர். சிம்ரின் கில் அம்மையார் 1959 இல் சிங்கப்பூரிற் பிறந்து போர்ட்டிக்சனில் வளர்ந்த பஞ்சாபியப் பெண்மணி. பின்னர் ஆஸ்திரேலியாவிலும் வாழ்ந்து அந்நாட்டின் சார்பில் 2013 ஆம் ஆண்டு வெனிசுக் கலைவிழாவிற் படைப்பு வைத்தவர். அவருடைய தொகுப்பு ஒன்றுக்கு டாலாம் என்று பெயர். மலாயில் அதற்கு உள் என்றும் ஆழம் என்றும் பொருளுண்டு என்பதை நம் மாணவரே சொல்வர். 2001 இல் அவர் தீபகற்ப மலேசியா முழுதும் சுற்றி, முன்பின் அறியாதோர் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் கூடத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். 260 படங்கள். ஒன்றிலும் ஆள் இல்லை.

இதனை முதலிற் கேட்போர், ஆளில்லாத கூடத்தில் பார்க்க என்ன உண்டு என்பர். பார்த்தபின் அவ்வாறு சொல்வது கடினம். நாற்காலிகள் தொலைக்காட்சியை நோக்கித் திரும்பியிருக்கும் கோணம், சுவரில் எது மேலே எது கீழே என்ற முறை, சாமி படமோ மறை வாசகமோ இருக்கும் இடம், மணப்படத்தை அடுத்துத் தொங்கும் நாட்காட்டி, விருந்தினர்க்கென்று உறை கழற்றாமல் வைத்த இருக்கை. இவையெல்லாம் கருப்பொருள். வீட்டார் எழுந்து அடுத்த அறைக்குச் சென்றிருக்கிறார் என்று மட்டும் தோன்றும். முல்லையின் உரிப்பொருள் இருத்தல் என்று சொல்கிறோமே, அவ்விருத்தலை ஓர் ஆளின் முகமும் இன்றி 260 முறை எழுதிக் காட்டியவர் இவர். மேலும் ஒன்று. சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு, தமிழர் வீடு என்று அவர் தலைப்பிட்டுப் பிரிக்கவில்லை. நாமே ஊகிக்கிறோம், ஊகம் சில படங்களில் நிச்சயமாகவும் சிலவற்றில் தள்ளாடியும் நிற்கிறது. நம் ஊகத்தின் அவசரத்தை நமக்கே காட்டுவதும் அத்தொகுப்பின் வேலை.

அவருடைய வேறு இரு தொகுப்புகள் பாலைக்கு உரியவை. கைவிடப்பட்டுக் கொடி படர்ந்த கட்டடங்களை 2000 முதல் 2003 வரை தீபகற்பமெங்கும் தேடி எடுத்த படங்கள் ஒன்று. 2007 முதல் 2009 வரை போர்ட்டிக்சனில், கட்டி முடித்தும் குடியேறாது விடப்பட்ட ஒரு வீடமைப்பில் எடுத்தவை மற்றொன்று. சாளரத்து அலுமினியச் சட்டங்களைக் கழற்றிச் சென்ற திருடர், கண்ணாடியை உடைக்காமல் சுவரிற் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கின்றனர். அக்கண்ணாடிகளின்மேல் ஒளி விழுகிறது. பாலைக்கெனத் தனிநிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தபோது பாலையாகும் என்ற சிலம்பின் கருத்தை ஆசிரியர் அறிவர். வேனிலின் கொடுமையால் திரிந்த பாலை அது. இது கணக்கின் கொடுமையால் திரிந்த பாலை. அங்குப் பிரிதல் உண்டு. இங்கோ, பிரிந்து செல்வதற்கு ஆளே வந்து சேரவில்லை. பழைய ஐந்திணையுள் இந்நிலைக்குப் பெயர் இல்லை. கண்டு சொன்னவர் ஒரு பஞ்சாபியப் பெண்மணி.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு தேக்காவுக்குச் செல்வோம். 2015 முதல் லசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் சேர்ந்து அவ்வட்டாரத்துச் சுவர்களில் ஓவியங்கள் தீட்டச் செய்து வருகின்றன. பெலிலியோஸ் சந்தில் பழந்தொழில்களைக் காட்டும் சுவர் ஒன்று உண்டு. கிளி சோதிடரும் மாலை கட்டுபவரும் அதில் நிற்கின்றனர். கெர்பாவ் சாலைப் பக்கத்துச் சுவர்களில் மாடுகள். பெலிலியோஸ் என்பவர் கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வணிகம் செய்த யூதர். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. ஆக, இடத்தின் வரலாற்றை ஓவியர் அறியாமல் எழுதவில்லை. கோடு திருத்தமானது, வண்ணம் கண்ணை ஈர்ப்பது. வெளியூர்ப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் அரைமணி நேரம் பாடம் நடத்தலாம். அத்தனையும் ஒப்புகிறேன்.

ஆயினும் அது கருப்பொருள் அட்டவணை. மாலை கட்டுபவர் உண்டு. மாலை யாருக்கு என்பது இல்லை. கிளி உண்டு, தன் நாளை அறியக் கிளியின் முன் வந்து குந்தியவன் இல்லை. நாம் கரும்பலகையில் மருதம் என்று எழுதி அதன் கீழ் எருமை, நாரை, தாமரை என்று நிரப்புகிறோமே, அதே செயலை வண்ணத்தில் செய்திருக்கின்றனர். படம் நிறைய மாந்தர். உரிப்பொருள் மட்டும் வரவில்லை. ஆளில்லாத கில் அம்மையாரின் கூடங்களில் மாந்தர் நெஞ்சு இருப்பதையும், ஆள் நிறைந்த இச்சுவரில் அஃது இல்லாமையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இடக்கலையின் தரம் எதில் இருக்கிறது என்பது விளங்கும். தான் தெங் நியா என்னும் சீன வணிகரின் 1900 ஆம் ஆண்டு வீடு அதே கெர்பாவ் சாலையில் பல வண்ணம் பூசி நிற்கிறது. வந்தவர் பலர் அதனை இந்திய வீடு என்றெண்ணிப் படம் எடுத்துச் செல்கின்றனர். வண்ணம் அடர்ந்தால் இந்தியம் என்ற எண்ணம் வருவோர்க்கு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு மாலையில் அச்சுவர்கள் வேறுபடுகின்றன. கிராஞ்சி, சுங்கை காடுட் முதலிய இடங்களின் தொழிலாளர் விடுதிகளிலிருந்து தமிழகத்து இளைஞரும் வங்காளதேசத்து இளைஞரும் வந்து சேருகின்றனர். ஓவியத்துக்கு முதுகு காட்டிச் சுவரில் சாய்ந்து நின்று, கைப்பேசித் திரையில் தெரியும் வீட்டாரோடு பேசுகிறான் ஒருவன். பொருள்வயிற் பிரிவு என்று நாம் துறை வகுத்துப் பாடம் சொல்வது அவனைப் பற்றித்தான். அவன் நிற்கும் வரை அச்சுவரில் உரிப்பொருள் உண்டு. அடுத்துச் சுவர் எழுத வருவோர் திங்கட்கிழமை வாராது ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பாராக.

அவனோடு கிராஞ்சிக்குத் திரும்புவோம். அங்குள்ள குன்றின்மேல் இருப்பது போர் நினைவகம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் சப்பானியர் கிராஞ்சியில் போர்க்கைதிகள் முகாம் ஒன்றை வைத்திருந்தனர். கைதிகள் தம் தோழரைப் புதைத்த சிறு இடுகாடே பின்னர் பெரிதாயிற்று. 1946 இல் சாங்கியிலிருந்தும் கல்லறைகளை இங்குக் கொணர்ந்தனர். 4,461 பேர் இங்கு அடக்கம் பெற்றும் நினைவுகூரப்பட்டும் உள்ளனர். அவருள் 850 பேருக்கு மேல் பெயர் அறியப்படாதவர். குன்றின் உச்சியில், புதைகுழியும் தெரியாத 24,000 பேருக்கு மேற்பட்ட படையினர் பெயர்களைத் தாங்கிய சுவர்கள். கோலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ் என்பவர் வகுத்த அமைப்பு; 1957 மார்ச் 2 ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது.

மேலே பரந்த கூரை வானூர்தியின் சிறகு, நடுவே எழுந்த கோபுரம் நீர்மூழ்கியின் முகடு, சரிவில் வரிசையிட்ட கற்கள் அணிவகுத்த தரைப்படை என்று வழிகாட்டுவோர் விளக்குவர். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எனக்கு அவ்வுவமை பெரிதாகப் படவில்லை. இன்னது போல் இருக்கிறது என்று சொல்லி முடிந்துவிடும் வடிவம் ஒருமுறை வியப்பதற்கே உரியது. அவ்விடத்தின் ஆற்றல் வேறு. கீழிருந்து மேலே நடந்துதான் போக வேண்டும். இருமருங்கும் ஒரே அளவுக் கற்கள். அதிகாரிக்கும் படைவீரனுக்கும் உயரத்தில் வேறுபாடில்லை. மேலே சென்றபின் சுவர்களுக்கிடையே புகுந்து புகுந்து வாசிக்க வேண்டும். நடப்பதும் நிற்பதும் தலை நிமிர்வதும் கட்டடம் நம் உடம்புக்கு இடும் கட்டளைகள். நல்ல செய்யுளில் சீரும் தளையும் நாவுக்கு இடும் கட்டளை போன்றது அது.

இந்தியப் படைப்பிரிவுகளின் வரிசையில் நம் செவிக்குப் பழகிய பெயர்களும் வருகின்றன. உரோமன் எழுத்தில் உருச்சிதைந்து நிற்பவற்றை வாய்விட்டுப் படித்தால்தான் தமிழ்ப்பெயர் என்று தெரியும். எரியூட்டப்பட்டவர்க்கெனத் தனி நினைவிடமும் உண்டு. ஏறத்தாழ 800 பேரைக் குறிக்கும் அதில் மிகுதியானோர் இந்தியப் படையினர். புதைப்பார்க்கும் எரிப்பார்க்கும் அவரவர் மரபுப்படி இடம் தந்த அம்முறையைப் பாராட்டத்தான் வேண்டும்.

நடுகல்லுக்குத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலை சொன்னார். இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களையே அவ்வழியில் அமைத்தார். கல்லைத் தேர்வது முதல் அதன்முன் நின்று வாழ்த்துவது வரை ஒவ்வொன்றும் செயல். கல் தானே நினைவு ஆவதில்லை. கிராஞ்சிச் சுவரும் அவ்வாறே, ஒருவர் வந்து நின்று ஒரு பெயரைப் படிக்கும்போது நடுகல்லாகிறது. ஆதலின் இஃது இடக்கலைக்கு முன்னோடி என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. டாங் டா வூவின் துணி, கில் அம்மையாரின் கூடம், இக்குன்று மூன்றிலும் மனித உருவம் இல்லை. மூன்றும் மனிதரைப் பற்றியன.

ஆனால் அச்சுவரின் முன் தோட்டத்துத் தமிழர் நின்றால் வேறு ஒரு நினைவு வராமற் போகாது. 1942 இலும் 1943 இலும் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடச் சப்பானியர் போர்க்கைதிகளை மட்டும் கொண்டு செல்லவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பால்மரம் வெட்டிய தமிழரைப் பல்லாயிரக் கணக்கில் கொண்டு சென்றனர். இறந்த கைதிகள் 12,000 பேருக்கு மேல். அவர்க்குக் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் பர்மாவின் தன்பூசாயத்திலும் பெயரெழுதிய கற்கள் உள. இறந்த ஆசியத் தொழிலாளர் அதனினும் பன்மடங்கினர். எண்ணியோர் கணக்குகள் ஒன்றோடொன்று ஒவ்வா. கிராஞ்சிச் சுவர் படையினர்க்கு உரியது. தொழிலாளியின் பெயர் அதில் இருக்க நியாயமில்லை. ஆகவே குறை அச்சுவரின்மேல் இல்லை. பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்திருந்தவர் படைக்கு ஒருவகையிலும் கூலிக்கு ஒருவகையிலும் கணக்கு எழுதினர் என்பதே செய்தி. 2023 இல் தாய்லாந்துத் தமிழர் முயற்சியால் காஞ்சனபுரியில் நம்மவர்க்கு ஒரு நடுகல் எழுந்தது. எண்பது ஆண்டு கழித்தேனும் எழுந்ததே என்று மகிழ்ந்தோம்.

தோட்டத்தில் ஆள்களுக்குப் பெயர் வழங்கிய முறை இவ்விடத்தில் கருதத்தக்கது. சயாமுக்குப் போனவர் யார் யார் என்று எங்கள் தோட்டத்து முதியோரைக் கேட்டால், தம் பெற்றோர் வாய்க்கேட்டதாக நாலைந்து பெயர் சொல்வர். மற்றவரை, ஆற்றோர லயத்துக்காரர், ஸ்டோருக்குப் பின்னாலிருந்தவர், ஆயாக் கொட்டகைக்கு அடுத்த வீட்டு மூத்தவன் என்றே குறிப்பர். இடமே அவர்களுடைய பெயர். லயத்தை இடிக்கும்போது சுவர் மட்டும் விழுவதில்லை. அச்சுவரைச் சுட்டித்தான் அடையாளம் சொல்ல முடிந்த மனிதரும் விழுகின்றனர். மலேசியாவில் தோட்டம் விற்கப்பட்டபின் தோட்டத்துப் பள்ளி மட்டும் பழைய தோட்டத்தின் பெயரோடு வீடமைப்புகளின் நடுவே நிற்பதைப் பல ஊர்களில் காணலாம். ஆண்டு விழா மலரின் அட்டையில் பால்மரமும் மங்கும் கூடைக்காரப் பெண்ணும் அழகாக அச்சாகின்றன. அது தேக்காச் சுவரின் தம்பி.

நமக்கு வேண்டியது கில் அம்மையார் செய்த வேலை. எஞ்சிய லயங்களுள் ஒவ்வொரு வீடாகப் புகுந்து, உள்ளது உள்ளபடி, மாடத்தின் புகைக்கறையும் கதவுநிலையில் பிள்ளைகளின் உயரம் குறித்த கோடும் தெரிய எடுத்து, அவ்வீட்டில் இருந்தோர் பெயரை அறிந்தவரை கேட்டு எழுத வேண்டும். அதற்குப் பெரிய கலைஞர் வருமளவும் காத்திருக்க நேரமில்லை. ஆறாம் ஆண்டு மாணவர் கையிலுள்ள கைப்பேசியே போதும். எதைப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுக்க ஆசிரியர் வேண்டும். எங்கள் தோட்டத்து ஆற்றோர லயம் சென்ற ஆண்டு இடிக்கப்பட்டது. அடுத்த வரிசையில் இன்னும் பதினொரு வீடுகள் நிற்கின்றன. நான்கில் ஆள் குடியிருக்கின்றனர்.